கணக்குச் சொல்லாத நேர்ச்சை

நான் பிறந்தபோது என் அப்பாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் சேரன்மகாதேவியில் எங்கள் தெருவில் எல்லாரும் என்னைப் பற்றி முதலில் சொன்னது இதைத்தான். "அந்த வயசான லைன்மேனுக்குப் பெறந்த பிள்ளை." ஒன்றாம் வகுப்பில் சேர்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போன அன்று, பள்ளிக்கூடத்து ஆயா, "தாத்தா, பிள்ளையோட அப்பா வரலியா?" என்று கேட்டாளாம். அப்பா கொஞ்சமும் முகம் கோணாமல், "அவருக்கு வேலை இருக்கு தாயி, அதான் நான் வந்தேன்" என்றாராம். நான்தான் விடவில்லை. "இதுதான் எங்க அப்பா, இதுதான் எங்க அப்பா" என்று தரையில் உருண்டு கத்தினேனாம். அப்போதே எனக்கு வாய் அதிகம்.

அந்த வருஷம்தான் அப்பா ரிட்டயர் ஆனார். மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் வேலைக்குப் போனார்கள். என் அப்பா எனக்காகவே வீட்டில் இருந்தார். காலையில் தலை பின்னிவிடுவது அவர்தான். மின்கம்பத்தில் கயிறு கட்டிப் பழகிய கை அல்லவா, அவர் போட்ட ஜடை ராத்திரி வரை அசையாது. அவிழ்ப்பதற்குள் அம்மாவுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். மத்தியானம் சுடுசோற்றைத் தூக்குவாளியில் போட்டு சைக்கிளில் கொண்டுவருவார். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நான் தின்று முடிக்கிறவரை வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வாய் குறைந்தாலும், "ஏட்டி, என்ன செய்யுது? வயிறு வலிக்கா?" என்று ஆரம்பித்துவிடுவார்.

நீச்சல் பழக்கியதும் அவர்தான். முதலில் வாய்க்காலில், பிறகு ஆற்றில். தாமிரபரணித் தண்ணீரில் என் தாடையை ஒற்றை உள்ளங்கையில் தாங்கிப் பிடித்தபடி, "பைய, பைய, காலை அடி" என்பார். கையை எடுத்த பிறகும் எடுக்கவில்லை என்றே சொல்வார். சைக்கிள், ஃப்யூஸ் கட்டுவது, பேங்க்கில் சலான் நிரப்புவது, தனியாகப் பஸ் ஏறி ஜங்ஷன் போய் வருவது என்று எல்லாவற்றையும் மற்ற பிள்ளைகளுக்கு முன்னால் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொன்றையும் ஆரம்பிக்கும்போது ஒரே வார்த்தைதான்: "எனக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா நீ முழிச்சுக்கிட்டு நிக்கக் கூடாதுல்லா." என் சிறு வயது முழுக்க அந்த வார்த்தை கூடவே வந்தது. எத்தனை பேருக்கு அப்படியொரு அப்பா வாய்த்தார் என்று இன்றைக்கும் கேட்பேன். ஆனால் அந்தப் பயமும் அவர் கொடுத்ததுதான். பள்ளிவிட்டு வரும்போது தெருமுனையில் சைக்கிளைக் காணவில்லையென்றால் பையோடு வீட்டுக்கு ஓடுவேன்.

இதையெல்லாம்விட ஒன்று உண்டு. நான் தூங்கும்போது மூக்குக்கு அடியில் விரலை வைத்துப் பார்ப்பார், மூச்சு வருகிறதா என்று. நான் முழித்துக்கொண்டு வேண்டுமென்றே மூச்சைப் பிடிப்பேன். உச்சந்தலையில் ஒரு குட்டு விழும். "விளையாடுத விஷயமாட்டி இது?"

அதற்குக் காரணம் இருந்தது. வருஷக்கணக்காகப் பிள்ளை இல்லாமல் இருந்து, இனி இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்ட பிறகு பிறந்தவள் நான். நடை பழகுவதற்கு முன்பே எனக்குக் காய்ச்சல் கண்டு வலிப்பு வந்துவிட்டது. பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பிழைக்கும் என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. அம்மா உள்ளே, அப்பா வெளியே. அது தசரா சமயம். குலசை என்கிற குலசேகரன்பட்டினத்து அம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் வேஷம் கட்டி, ஊர் ஊராகப் போய்க் காணிக்கை எடுப்பார்கள். காளி, குறத்தி, ராஜா, பிச்சைக்காரன் என்று அவரவர் நேர்ந்த வேஷம். எடுத்த காணிக்கையைப் பத்தாம் நாள் சூரசம்ஹாரத்தன்று கொண்டுபோய் உண்டியலில் போடுவார்கள். அன்றைக்கு அப்படி ஒருத்தர் குரங்கு வேஷத்தோடு ஆஸ்பத்திரி வாசல் குழாயில் தண்ணீர் குடிக்க வந்திருக்கிறார். அப்பா அவர் தட்டில் சில்லறையைப் போட்டு, அந்தக் குரங்கைப் பார்த்தே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "பிள்ளையக் குடு தாயே, நானும் இதே வேஷம் கட்டி வாரேன்."

நேர்ந்தது சரி. ஆனால் எத்தனை வருஷத்துக்கு என்று சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். மூன்று வருஷம், ஐந்து வருஷம் என்று கணக்குச் சொல்லித்தான் நேர்வார்கள். கணக்கு முடிந்தால் வேஷத்தை இறக்கி வைத்துவிடலாம். கணக்குச் சொல்லாதவன் எப்போது இறக்கி வைப்பான்? அம்மா சாகிறவரை இதைச் சொல்லி ஏசினாள். ஒவ்வொரு தசராவுக்கும் அப்பா செருப்பைக் கழற்றி, ஒருவேளைச் சாப்பாடு என்று விரதம் ஆரம்பிக்கும்போது, அம்மாவும் ஆரம்பித்துவிடுவாள். "மூணு வருசம்னு ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு என்ன கேடு? கூறுகெட்ட மனுசன்." அப்பா சிரிப்பார். "அந்நேரத்துல கணக்கு வழக்கா பேசத் தோணும்?" என்பார். 

எனக்கென்னவோ சின்ன வயதில் அது திருவிழாவாகத்தான் இருந்தது. பழுப்பு நிறத்தில் முடி முடியாகத் தைத்த சட்டை, காகிதக்கூழ் முகமூடி, பழந்துணி அடைத்த நீண்ட வால். அந்த வாலை ஜடை மாதிரியே இடுப்பில் இறுக்கிக் கட்டுவார். தரையில் இழுபடாமலும் யாரும் மிதிக்காமலும் அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவது என் வேலை. வீட்டு வாசலில் அவர் குதிப்பார், பேன் பார்ப்பார், பிள்ளைகளைப் பார்த்துப் பல்லைக் காட்டுவார். அறுபது வயதைத் தாண்டிய மனிதர், எனக்காக. "யாருக்கு நேர்ச்சை?" என்று கேட்டால் திரும்பி வாலின் நுனியைக் காட்டுவார். அங்கே நான் நிற்பேன், மகாராணி மாதிரி.

இப்போது எனக்கு முப்பத்தாறு வயது. அப்பாவுக்கு எண்பத்தெட்டு. அம்மா போனபிறகு பாளையங்கோட்டையில் என்னோடுதான் இருக்கிறார். என் வீட்டுக்காரருக்கு துபாயில் வேலை. நான் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். போன வருஷத் தசராவில் குலசைக் கடற்கரையில், அந்தச் சட்டைக்குள்ளேயே அப்பா மயங்கி விழுந்தார். முகமூடியைக் கழற்றினால் உதடெல்லாம் நீலம். கூட்டத்தை விலக்கித் தூக்கிக்கொண்டு ஓடும்போது அந்த மனிதர் கேட்ட ஒரே கேள்வி, "காணிக்கைய உண்டியல்ல போட்டாச்சா?" எனக்கு வந்த ஆத்திரத்தில், அங்கேயே கீழே போட்டுவிடலாம் என்றிருந்தது. அப்புறம் ஆஸ்பத்திரி, ஸ்டென்ட், மாத்திரை. டாக்டர் என்னைப் பார்த்துத்தான் பேசினார். "விரதம் கூடாது. அந்தச் சட்டை கூடவே கூடாது. இன்னொரு தடவை மாட்டிவிட்டா எங்கிட்ட தூக்கிட்டு வராதீங்க."

இந்த வருஷம் புரட்டாசி நெருங்க நெருங்க வீட்டில் தினமும் சண்டை.

"எப்பா, இந்த வருசம் கெடையாது. சொல்லிட்டேன்."

"நீ யாருட்டி சொல்லுததுக்கு? நேந்தது நான்."

"எனக்காகத்தான நேந்திய? நான் சொல்லுதேன், போதும்."

"குடுத்தவ சொல்லட்டும், நிப்பாட்டுதேன்."

சரி, குடுத்தவளிடமே கேட்டுவிடுவோம் என்று தெருமுனை அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்க்க ஏற்பாடு செய்தேன். அறிவியல் டீச்சர் பூக்கட்டிப் பார்க்கப் போனாளா என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். அவரவர் வீட்டில் எண்பத்தெட்டு வயதில் ஒருத்தர் குரங்கு வேஷம் கட்டக் கிளம்பினால் தெரியும். நந்தியாவட்டை ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் இறக்கி வைக்கலாம், சிவப்பு வந்தால் தொடர வேண்டும். பூசாரி இரண்டையும் அம்மன் காலடியில் குலுக்கிப் போட்டு, சாமி கும்பிட வந்த ஒரு சிறுமியை எடுக்கச் சொன்னார்.  வெள்ளை வந்தது.

அப்பா பூவையே பார்த்துக்கொண்டு நின்றார். "சரி. அம்மையே சொல்லிட்டா" என்றார். வீட்டுக்கு வந்து சட்டை, முகமூடி, வால் எல்லாவற்றையும் சாக்கில் கட்டி நானே பரணில் ஏற்றினேன். ஜெயித்துவிட்டேன் என்று அன்றைக்குப் பாயசம் வேறு வைத்தேன், அவருக்கு மட்டும் சர்க்கரை குறைத்து.

அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் நிலைக்கவில்லை. மத்தியானம் பள்ளிக்கூடத்துக்குப் போன் வர ஆரம்பித்தது. "சாப்ட்டியா? தலை கிலை சுத்துதா?" அரை மணி நேரத்தில் மறுபடியும். ஸ்கூட்டரில் போகாதே, பஸ்ஸில் போ என்றார். பஸ்ஸில் போனால், படிக்கட்டுப் பக்கம் நிற்காதே என்றார். நான் ஒரு தும்மல் போட்டால் தட்டிலிருந்து கையை எடுத்துவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கண்ணயர்ந்திருந்தேன். மூக்கில் ஏதோ உரசிற்று. முழித்தால், அப்பா குனிந்து நின்று விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.  இந்தத் தடவை குட்டு விழவில்லை. நானும் விளையாடவில்லை. "இருக்கேன்ப்பா" என்றேன். "ம்" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனார்.

பிறகு எனக்கு வைரல் காய்ச்சல் வந்தது. பள்ளியில் பாதிப் பேருக்கு இருந்ததுதான், எனக்கும் ஒட்டிக்கொண்டது. அப்பாவுக்கு அது போதாதா? கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சோறில்லை, காப்பியில்லை. "பூவை நம்பி வுட்டுட்டனே, பாவி, வுட்டுட்டனே" என்று ஒரே புலம்பல். எனக்குக் காய்ச்சல் விட்ட அன்று அவருக்கு பிரஷர் எகிறி, அவரைத்தான் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டியிருந்தது. மாத்திரையைக் கூட்டி எழுதினார்கள். வீட்டுக்காரர் போனில், "ஒரு மனநல டாக்டர்ட்ட காட்டேன்" என்றார். "நீங்க வந்து காட்டுங்க" என்று வைத்துவிட்டேன். பாவம், அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் எனக்கு யாரைப் பார்த்தாலும் எரிச்சலாக வந்தது. வேஷம் கட்டினால் அந்தச் சட்டைக்குள்ளேயே போய்விடுவார். கட்டாவிட்டால் இப்படிப் பயந்தே போய்விடுவார். எப்படிப் பார்த்தாலும் அப்பாவை இழக்கப் போகிறேன் என்பதுதான் கண் முன்னால் நின்றது.

தசராக் கொடியேற்றத்துக்குச் சில நாள் இருக்கும். சாயங்காலம் பள்ளிவிட்டு வந்து கதவைத் திறந்தால், அப்பா ஸ்டூல் மேல் நிற்கிறார். எண்பத்தெட்டு வயதில் ஸ்டூல் மேல்! ஒரு கை பரணைப் பிடித்திருக்கிறது, ஒரு கை சாக்கை இழுக்கிறது. கத்தினால் விழுந்துவிடுவார் என்று வாயைப் பொத்திக்கொண்டு போய் இடுப்பைச் சேர்த்துப் பிடித்து இறக்கினேன். கால் தரையில் பட்ட பிறகு கத்தினேன் பாருங்கள், தெருவே கேட்டிருக்கும்.

"சாகணும்னு முடிவு பண்ணிட்டியளா? சொல்லிருங்க. நான் லீவு போட்டுட்டு உக்காந்து பாக்குதேன். அம்மையே வேண்டாம்னு சொன்ன பெறவும் உங்களுக்கு என்னதான் வேணும்?"

அவர் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூச்சு சீரானதும் சொன்னார்.

"உங்க அம்மை கடைசி வரைக்கும் என்னைய ஏசினா, கணக்குச் சொல்ல மறந்துட்டேன்னு. நான் மறக்கலட்டி."

"பெறவு?"

"மூணு வருசம்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். தொறந்ததும் நெஞ்சு பக்குன்னு ஆயிட்டு. மூணு வருசம்னு சொன்னா, மூணு வருசத்துக்குத்தான பிள்ளையக் குடுப்பா? பத்துன்னா பத்துதான. எனக்கு எத்தனை வேணும்னு எனக்கே தெரியல. அதான் வாயை மூடிக்கிட்டேன். நான் கட்டிக்கிட்டே இருந்தா, அவளும் குடுத்துக்கிட்டே இருக்கணும்லா?"

சாக்கை அவர் மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தேன்.

"இப்ப நிப்பாட்டியாச்சு. அன்னைலேருந்து ஒன் மூஞ்சியைப் பாக்கவே பயமா இருக்கு. சரி, இந்த வருசம் எப்படியாவது கட்டிட்டேன்னு வையி. எனக்கு அப்புறம்? அதை நெனைச்சாத்தான் எனக்குச் சாகவே மனசு வரல."

முப்பத்தைந்து வருஷம் இந்த மனிதர் இதை யாரிடமும் சொல்லாமல், பெண்டாட்டியிடம் கூறுகெட்டவன் என்று பேர் வாங்கிக்கொண்டு, வாலைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் குதித்திருக்கிறார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதேன். அவர் தோளில் தலையை வைத்துச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். இவ்வளவு பயத்தையும் வைத்துக்கொண்டுதான் ஆற்றில் என் தாடையிலிருந்து கையை எடுத்தாரா என்று நினைக்க நினைக்க அழுகை கூடியதே தவிர குறையவில்லை.

"நான் கட்டுதேன்" என்றேன்.

"நீயா?"

"ஆமா, நான்தான். எனக்குக் கட்டத் தெரியாதா? எத்தனை வருசம் வாலைப் பிடிச்சிருக்கேன்."

"டீச்சரு வாலு கட்டிக்கிட்டுப் போனா பிள்ளையெல்லாம் சிரிக்குமேட்டி."

"இப்ப மட்டும் என்னையப் பாத்து அழவா செய்யுதுவ?"

அவர் சிரித்தார். பூ விழுந்த நாளுக்கப்புறம் அன்றைக்குத்தான் அவர் பல்லைப் பார்த்தேன்.

ஆனால் ஒரு கண்டிஷன் போட்டேன். விரதம் எனக்கு, அவருக்கு மூன்று வேளையும் சோறு, மாத்திரை. முடிச் சட்டையை நானும் போட மாட்டேன். பழுப்புச் சுடிதாரும் முகமூடியும் வாலும் போதும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கொடியேற்றத்தன்று நான் மட்டும் குலசைக்குப் போய்க் காப்புக் கட்டிக்கொண்டு வந்தேன். யாருக்கு நேர்ச்சை என்று அங்கே யாரும் என்னைக் கேட்கவில்லை. அம்மன் முன்னால் நின்று நானே மனதுக்குள் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை அப்பாவிடம் சொல்லவில்லை. தன் நேர்ச்சையைத்தான் நான் தொடர்கிறேன் என்று அவர் நினைத்திருந்தார். நம்பிக்கை இருக்கிறதா என்று என்னைக் கேட்காதீர்கள். தாடையைப் பிடித்த கை தண்ணீருக்குள் இருக்கிறதா இல்லையா என்று அன்றைக்கு நான் பார்த்துக்கொண்டா நீந்தினேன்?

மறுநாள் வெயில் தாழ்ந்ததும் கிளம்பினோம். எங்கள் தெரு மட்டும், அதற்கு மேல் இல்லை என்று பேச்சு. வாலை அப்பாதான் கட்டிவிட்டார். அதே முடிச்சு, அதே இறுக்கம், மூச்சு முட்டியது. விரல்கள் இப்போது ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டன. கட்டி முடித்து வாலின் நுனியைக் கையில் எடுத்துக்கொண்டார். "யாரும் மிதிச்சிரக் கூடாதுல்லா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எத்தனை வருசம்னு கேட்டா வாயை வுட்டுராத, என்ன?" என்றார்.

முதல் வீட்டில் புதிதாகக் குடிவந்த ஓர் அக்கா. எங்களைத் தெரியாது. அரிசியும் காசும் தட்டில் போட்டுவிட்டு, முகமூடிக்குள் இருப்பது பெண் என்று தெரிந்ததும் ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"யாருக்கும்மா நேர்ச்சை?"

திரும்பினேன். எனக்குப் பின்னால் அப்பா வாலின் நுனியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இரைக்க இரைக்க நின்றிருந்தார். என்னைக் காட்டுவதற்காக ஒரு கையைத் தூக்கக்கூடச் செய்தார். அதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"எங்க அப்பாவுக்கு."

இடுப்பில் வால் ஒரு தடவை வெடுக்கென்று இழுபட்டது.

"எத்தனை வருசத்துக்கு நேந்திருக்கிய?"

"அதைச் சொல்லலக்கா" என்றேன்.